சமையலறையில் ஒரு எண்ணெய்க் கிணறு

"சிங்க்ல என்னத்தக் கொட்டித் தொலைச்சீங்க?" என்று மனைவி கேட்டதும் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர் உண்மையைச் சொல்லிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை.

"ஜெல்லும்மா. நாளைக்குக் கூட்டத்துல செஞ்சு காட்டணுமே, ஒத்திகை பார்த்தேன். மிச்சத்தைக் கொட்டிட்டேன்."

பூமிக்கடியில் இருக்கும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரட்டும் என்று தண்ணீரை உள்ளே அனுப்பினால், அந்தச் சோம்பேறித் தண்ணீர் பாறையில் சுலபமான வெடிப்பாகப் பார்த்து ஓடிவிடும். எண்ணெய் கிடந்த இடத்திலேயே கிடக்கும். வெடிப்பை அடைத்துத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பத்தான் ஜெல். "தாங்காதுய்யா, தண்ணி ஜெல்லை அடிச்சிட்டுப் போயிடும்" என்பது மேலதிகாரியின் கட்சி. நாளை அவர் தலையாட்டாவிட்டால் ஜெல் பிரிவையே மூடிவிடுவார்கள். அந்த மேலதிகாரி குடியிருப்பதும் நேர் கீழ்வீட்டில்தான்.

மனைவி வெந்நீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். அடைப்பு இன்னும் இறுகியது.

"ஐயையோ, சூட்டுலதான் அது நல்லா இறுகும்! பூமிக்கடியில கொதிக்குமேன்னு நான்தான் அப்படிப் பண்ணினேன்."

"அப்ப உப்பு?"

"போடு, போடு." போட்ட பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. "உப்புக்கும் அசையாதும்மா. அதுக்குத்தான் போன வருஷம் கைதட்டே வாங்கினேன்."

"கரையற மாதிரி எதையாவது கண்டுபிடிச்சீங்களா?"

"கரையாம இருக்கிறதுதானே கண்டுபிடிப்பே!"

வெட்கப்பட வேண்டிய நேரத்தில் மனிதருக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் சிங்க் வழிந்து தண்ணீர் ஹாலுக்கு வந்துவிட்டது.

"தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன!" என்றபடி ஓடிப்போய், கார் கழுவும் மோட்டாரைத் தூக்கி வந்தார். குழாய்க்குள் ஹோஸைச் செருகி, துணியால் இறுக்கிக் கட்டி, ஸ்விட்சைப் போட்டார். கட்டடமே அதிர்ந்தது. கடகடவென்று ஒரு சத்தம். சிங்க் காலி.

"அப்பாடா!" என்றாள் மனைவி.

இன்ஜினியர் முகம் செத்துப்போனது. "போச்சு. மூணு வருஷ உழைப்பு. அவர் சொன்ன மாதிரியே தண்ணி ஜெல்லை அடிச்சிட்டுப் போயிடுச்சு."

அப்போதுதான் கீழ்வீட்டிலிருந்து அலறல் கேட்டது. "ஐயோ, எண்ணெய்! தரையெல்லாம் எண்ணெய்!"

இன்ஜினியர் துள்ளிக் குதித்தார். "ஜெல் அசையலைம்மா! தண்ணி வேற வழியாத் திரும்பி, குழாய்ல வருஷக்கணக்காத் தேங்கின எண்ணெயைத் தள்ளிட்டு வந்திருக்கு!"

நனைந்த உடம்போடு கீழே ஓடினார். சமையலறையில் மேலதிகாரி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்குமுன் இன்ஜினியர் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். மேலதிகாரி குனிந்து தரையில் விரலைத் தொட்டு, தேய்த்து, முகர்ந்து பார்த்தார். முப்பது வருஷமாக எண்ணெயோடு மல்லுக்கட்டியவருக்குக் கண் விரிந்துவிட்டது.

"ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலையேய்யா! நம்ம கிணத்துல பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணிதானே வருது!"

"அதான் சார் ஜெல்லு!"

"நாளைக்கு என்ன கூட்டம்? இப்பவே பேசறேன்!" நின்ற இடத்திலேயே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். "ஒரு கிணத்துல சோதனையெல்லாம் எதுக்கு சார்? எல்லாக் கிணத்துலயும் இறக்கிடலாம். என் ரெண்டு கண்ணால பார்த்துட்டேன்!"

இருவரும் கட்டிப்பிடித்தார்கள், வழுக்கி விழுந்தார்கள், விழுந்த இடத்திலேயே மறுபடி கட்டிப்பிடித்தார்கள்.

மேலதிகாரியின் மனைவி துடைக்கிற துணியோடு வந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காந்து கொஞ்சிக்கங்க. மேல ஏதோ மோட்டார் போட்ட சத்தத்துல பதறிப்போய், இப்பதான் பிரிச்ச எண்ணெய் டின்னைக் கைதவறிப் போட்டுட்டேன்."