பன்றியைவிட மலிவானவன்

பீட்டர்ஸ்பர்க், வர்ஜீனியா
1828 அக்டோபர்

பிலடெல்பியாவில் சுதந்திரக் காற்றையும் நிலக்கரிப் புகையையும் சேர்த்தே சுவாசித்துக்கொண்டிருக்கும் என் மரியாதைக்குரிய மச்சான் டைட்டஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை கெசையாவின் கணவனும் அவளுடைய சொத்துமான சாத்ராக் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், கெசையா, குழந்தை வினி, பூனை எல்லோரும் சுகம். பன்றி சுகமா என்று தெரியவில்லை, ஏனென்றால் அது இப்போது நம் வீட்டில் இல்லை. நீங்களும் உங்கள் மனைவியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைத் தபாலில் போடாமல் தெரிந்த படகுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். என் மானம் போன கதையை வழியில் நாலு பேர் பிரித்துப் படிக்க வேண்டாம் பாருங்கள்.

என் நிலைமை உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் வயிற்றெரிச்சலை அடியிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி. உங்கள் தங்கை பிறவியிலேயே சுதந்திரமானவள். தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே என்பது சட்டம், ஆகவே வினியும் சுதந்திரமானவள். பூனை என்றைக்கும் யாருக்கும் கட்டுப்பட்டதில்லை. அடிமை என்று வீட்டில் இருப்பவன் நான் ஒருவன்தான். ஊர்த் துணியெல்லாம் வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுச் சேர்த்த காசில் கெசையா என்னைப் பழைய எஜமானிடமிருந்து வாங்கினாள். வாங்கிய கையோடு விடுதலைப் பத்திரமும் எழுதியிருப்பாள். ஆனால் விடுதலையான கறுப்பன் பன்னிரண்டு மாதத்துக்குள் இந்த மாகாணத்தை விட்டுப் போக வேண்டும், போகாவிட்டால் பிடித்து மறுபடி விற்றுவிடுவார்கள். அவளுக்கு இங்கே வாடிக்கை இருக்கிறது, சர்ச் இருக்கிறது, உங்கள் அம்மாவின் கல்லறை இருக்கிறது. "நீ என் அடிமையாவே இரு, அதுதான் உனக்கு நல்லது" என்றாள். மற்ற ஆண்கள் பெண்டாட்டியை எஜமானி என்று செல்லமாகச் சொல்வார்கள். நான் சொன்னால் அது வாக்குமூலம்.

இதில் வினியின் உபத்திரவம் வேறு. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அப்பா தனக்கு வந்து சேருவார் என்று எந்தப் புண்ணியவானோ குழந்தைக்குச் சொல்லிவைத்திருக்கிறான். சோள ரொட்டியில் பெரிய துண்டை நான் எடுத்தால், "எடுத்துக்கப்பா, எடுத்துக்க. எல்லாத்தையும் நான் ஞாபகத்துல வச்சிருக்கேன்" என்கிறாள். ஏழு வயது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் புகையிலைப் பீப்பாய்ப் பட்டறைக்குத் தெற்கேயிருந்து அடிமைகளை வாங்கி விற்கும் ஒரு வியாபாரி வந்தான். நான் பூட்டிய பீப்பாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இவனுக்கு என்ன விலை கேட்டாலும் தரலாம்" என்று பட்டறைக்காரரிடம் சொன்னான். இன்னொருவனாக இருந்தால் முதுகு சில்லிட்டுப்போயிருக்கும். எனக்குத் தலை கனத்துவிட்டது. அதே கனத்தோடு வீட்டுக்கு வந்தேன். கெசையா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கெசையா, நீ பெரிய கெட்டிக்காரி. என்னை அடிமாட்டு விலைக்கு அமுக்கிட்ட. இன்னிக்கு என் மதிப்பு எங்க நிக்குது தெரியுமா?"

"விறகு வெட்டச் சொன்னா மட்டும் அந்த மதிப்பு எங்க போய் ஒளிஞ்சுக்குது?"

"என்னை மாதிரி ஒரு கைகாரன் இந்த ஆத்துக்கு இந்தப் பக்கமும் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது. அந்த வியாபாரியே வாயைப் பொளந்துட்டான்."

"அவன் வாயைப் பொளந்தது கொட்டாவி விடறதுக்கு!"

இதைச் சொல்வதற்காக அவள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள். கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நாவிதர் ஆம்ப்ரோஸின் நீலக் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. புகை கிளம்பிய பிறகுதான் இரண்டு பேரும் வாயை மூடினோம். கோட்டின் பின்பக்கம், மனிதன் உட்காரும் இடத்தில் சரியாக, இஸ்திரிப் பெட்டி வடிவிலேயே ஒரு ஓட்டை.

ஆம்ப்ரோஸை உங்களுக்குத் தெரியும். நம்மவர், தாத்தா காலத்திலிருந்தே சுதந்திரமான குடும்பம், அதை நாம் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்பவர். சர்ச்சில் நம்மோடு பாடுபவர். பித்தளைப் பொத்தான் வைத்த அந்தக் கோட்டை வாங்கிய நாளிலிருந்து அவர் யாருக்கும் முதுகைக் காட்டாமல் போனதே இல்லை. ஓட்டையைப் பார்த்துவிட்டு, காசு கொடு என்றார். கெசையாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அது ஏற்கெனவே பூச்சி அரிச்ச கோட்டு. காத்தோட்டமா ஆக்கிக் குடுத்ததுக்கு நீங்கதான் எனக்குத் தரணும்" என்றாள். மனிதர் நேராக மாஜிஸ்திரேட்டிடம் போய்ப் பிராது கொடுத்தார், தீர்ப்பும் வாங்கிவிட்டார். அவ்வளவுதான், ஜப்தி செய்ய கான்ஸ்டபிள் வீட்டு வாசலில்.

கான்ஸ்டபிள் வெளுப்புத் தொட்டிகளைப் பார்த்தார். இரும்புச் சட்டியைப் பார்த்தார். கொட்டகையில் பன்றியைப் பார்த்தார். அதற்கு நாங்கள் கவர்னர் என்று பெயர் வைத்திருப்பதை நல்லவேளையாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இது யாரு?"

"எங்க அப்பா. அவரு எங்க அம்மாவோடது" என்றாள் வினி, வீட்டில் இருப்பதிலேயே நல்ல சாமானைக் காட்டும் பெருமையோடு.

"அப்படியா! அப்போ இவனே போதும். வித்துக் கோட்டுக்குப் போக மிச்சத்தைத் திருப்பித் தந்துடறோம்" என்று கான்ஸ்டபிள் என் தோளில் கையை வைத்தார்.

மச்சான், அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் நானே என் விலையைப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். இன்னொருவன் அதைச் சொல்லித் தோளைத் தொட்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தெற்கத்தி வியாபாரி இன்னும் ஊரில்தான் இருந்தான். கெசையா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சேதி தெரிந்து ஆம்ப்ரோஸ் பாதி சவரத்தில் ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டுக் கத்தியும் கையுமாக ஓடிவந்தார். "ஐயா, நான் கோட்டுக்குக் காசுதான் கேட்டேன், மனுஷனைக் கேக்கலை!" என்று அலறினார். "எதா இருந்தாலும் காலைல மாஜிஸ்திரேட்டுகிட்ட சொல்லு" என்று கான்ஸ்டபிள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் சர்ச்சே திரண்டு வந்துவிட்டது. மாஜிஸ்திரேட் அவசரத்தில் இருந்தார். "பன்னி போதுமா, ஆளை விக்கணுமா? எது நல்லா விலை போகும், சட்டுனு சொல்லு" என்றார். அப்போதுதான் உங்கள் தங்கைக்கு வாய் திரும்பி வந்தது.

"ஐயா, பன்னி தங்கமான பன்னிங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டா வரும், இந்த ஆளு வரமாட்டாரு. அது தின்னா உடம்புல ஒட்டும், இவரு தின்னா எங்க போகுதுன்னே தெரியாது. அது ராத்திரி சத்தம் போடாது. இவரு விடற குறட்டையில கூரை ஓடு நகருது. காது மந்தம். வேலைன்னா ரெண்டு காதும் மந்தம்."

ஒவ்வொரு வார்த்தையும் தயாராக இருந்தது, மச்சான். யோசித்துச் சொன்ன மாதிரியே தெரியவில்லை. அடுத்து ஆம்ப்ரோஸ். "ஐயா, வழக்கு போட்டவன் நானே சொல்றேன், இவனை எனக்கு இனாமாக் குடுத்தாலும் வேணாம். இவன் பாடினா பிரசங்கியாரே ஜெபத்தை நிறுத்திடறாரு." பிறகு ஃபீபி அக்கா, இஞ்சி ரொட்டி விற்கிறார்களே அவர்கள்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இவன் செஞ்சு குடுத்த தொட்டி ஒழுகுதுங்க" என்றார்கள்.

மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நான் செய்த தொட்டி ஒழுகாது. ஒழுகியதே கிடையாது. "அக்கா, வாய் கூசாம..." என்று ஆரம்பித்தேன். கெசையா என் கால்மேல் ஏறி நின்றாள். குதிகாலால்.

"ஏன் நொண்டறான்?" என்றார் மாஜிஸ்திரேட்.

"பொறவியிலேர்ந்தேங்க" என்றது சர்ச் முழுக்க, ஒரே குரலில். பாட்டில் ஒரு நாளும் இப்படிச் சேர்ந்து பாடியதில்லை.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "இப்படிப்பட்டவனை எதுக்கம்மா காசு குடுத்து வாங்கின?"

"இருட்டுல பாத்து வாங்கிட்டேங்க" என்றாள் உங்கள் தங்கை.

கான்ஸ்டபிள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். கவர்னரை ஓட்டிக்கொண்டு போனார்கள், என்னை விட்டுவிட்டார்கள். கவர்னரை ஆம்ப்ரோஸ் தானே எடுத்துக்கொண்டு இப்போது கொல்லையில் கட்டி வைத்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு ஒரு தொடை நமக்கு என்று சொல்லியனுப்பினார்.

தப்பித்தாயிற்றே, பிறகு என்ன புகார் என்று கேட்பீர்கள். கேளுங்கள். விடுதலையான பிறகும் இங்கேயே தங்க அனுமதி வேண்டுமென்றால், இவன் அசாதாரணத் தகுதி உடையவன் என்று நாலு பேர் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். இந்த வருஷம் அந்த மனுவைப் போடலாம் என்று இருந்தோம். யாரிடம் போட வேண்டும் தெரியுமா? அதே மாஜிஸ்திரேட் உட்காரும் கோர்ட்டில். சாட்சிகள் யார்? அதே ஃபீபி அக்கா, அதே சர்ச். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? பட்டறையில் இப்போது என்னை யாரும் சாத்ராக் என்று கூப்பிடுவதில்லை. "ஒழுகல்" என்கிறார்கள்.

ஆகையால் மச்சான், தீர்மானமாகச் சொல்கிறேன். பன்றிக்குக் கீழே என்னை வைத்துப் பேசிய பெண்பிள்ளையின் சொத்தாக இருக்க இனி எனக்குச் சம்மதமில்லை. அவளுக்குக் கண்டித்து ஒரு கடிதம் எழுதுங்கள், என் விடுதலைப் பத்திரத்தை உடனே கொடுக்கச் சொல்லுங்கள். நான் அங்கே வந்து பீப்பாய்க் கடை போட்டு, பிறகு ஆள் அனுப்பி இவர்களை அழைத்துக்கொள்கிறேன், மரியாதையாக வந்தால். எனக்கு ஒரு கட்டில் மட்டும் பார்த்து வையுங்கள். காற்று வரும் பக்கமாக இருந்தால் நல்லது.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளைக் கர்த்தர் எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் அசையும் சொத்து,
சாத்ராக்

பி.கு.: மச்சான், மேலே எழுதியதை நீங்கள் படிக்காதவராகவே இருந்துவிடுங்கள். மை காயட்டும் என்று மேஜைமேல் வைத்திருந்தேன். வினி புதிதாக எழுத்துக்கூட்டப் படித்திருக்கிறாள், எதைக் கண்டாலும் உரக்க வாசிக்கிறாள். கெசையா இஸ்திரியை நிறுத்தாமல் முழுவதும் கேட்டாள். "ஒன்ன எங்கய்யா நான் வாங்கினேன்? இனிமே ஒருத்தரும் ஒன்ன விக்காம பாத்துக்கிட்டேன், அவ்ளோதான்" என்றாள். பிறகு மாவுப் பீப்பாயைத் திறந்து ஒரு தாளை எடுத்துத் தட்டி என் முன்னால் வைத்தாள். என் விடுதலைப் பத்திரம். கான்ஸ்டபிள் வந்து போன மறுநாளே வக்கீல் வீட்டில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறாள். தனக்கு ஏதாவது ஆனாலும் நான் யாருக்கும் போய்ச் சேரக் கூடாதாம். அதைக் கேட்டு வினிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். கோர்ட்டில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. "எப்ப வேணுமோ நீயே கொண்டுபோய்க் குடு. குடுத்தா பன்னண்டு மாசம். அதுக்குள்ள நானும் தொட்டியைத் தூக்கிக்கிட்டு உன் பின்னால வந்துடறேன்" என்றாள், உங்கள் அம்மாவின் கல்லறை இருக்கும் பக்கம் பார்க்காமல். நாள் குறிக்கும் உரிமை எனக்கு வந்தது இதுதான் முதல் தடவை, மச்சான். இன்றைக்கு வேண்டாம் என்று நானே குறித்தேன். ஆகவே கட்டில் வேண்டாம், முடிந்தால் ஒரு பன்றிக்குட்டிக்கு வழி செய்யுங்கள். பத்திரம் திரும்ப மாவுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. அந்தப் பீப்பாய் நான் செய்தது. ஒழுகாது.