சினைப்பைக்கு ஒரு மெமோ

உலக வரலாற்றிலேயே ஒரு மாட்டின் சினைப்பைக்கு மெமோ கொடுத்த முதல் நிர்வாகம் எங்கள் பால்பண்ணை நிர்வாகம்தான். உதவி மேலாளன் என்ற முறையில் அதைத் தட்டச்சு செய்த பெருமை என்னைச் சேரும்.

விஷயம் இதுதான். எங்கள் மாடுகள் கன்று போட்டன, பாலைக் கொட்டின, ஆனால் மறுபடி சினைக்கு வர மறுத்தன. 'உற்பத்தித் திறன்' பற்றிப் பயிற்சி முடித்து வந்திருந்த மேலாளருக்கு இது ராஜதுரோகமாகப் பட்டது. கருத்தரிக்காத மாடுகளுக்காக ஒரு கருத்தரங்கு கூட்டினார்.

"காரணம் என்ன?" என்று கால்நடை டாக்டரைக் கேட்டார்.

"சினையா இருந்தப்ப உச்சத்துல இருந்த ஹார்மோன், கன்னு போட்டதும் சடார்னு இறங்கிடும் சார். மூளையிலேருந்து சினைப்பைக்குப் போற உத்தரவு மறுபடி சீராகணும். தின்னுறதெல்லாம் வேற பாலாப் போயிடுது. அதுவரைக்கும் சினைப்பை தூங்கும்."

"வேலை நேரத்துலயா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலாளர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சினேன்: 'பணி நேரத்தில் உறங்கியமைக்கு விளக்கம் தருக.' அதைத் தொழுவத்துத் தூணில் ஒட்டினோம். ஒரு மாடு தின்றுவிட்டது. 'நேரில் பெற்றுக்கொண்டது' என்று பதிந்தேன்.

மறுநாளும் கருத்தரங்கு. அவசரப்பட்டால் சினை நிற்காது, மாடே வீணாகிவிடும் என்றார் டாக்டர். 'வீண்' என்ற சொல் மேலாளரின் நெஞ்சைத் தொட்டது. அங்கேயே 'தாய்மை ஓய்வுத் திட்டம்' பிறந்தது. கன்று போட்ட மாட்டுக்கு ரப்பர் மெத்தை, மின்விசிறி, மெல்லிய இசை. யாரும் அதட்டக் கூடாது. 'மாடு' என்று சொல்லாமல் 'தாய்' என்றே குறிப்பிட வேண்டும்.

"ஒரு தாயை உடம்பு தேறுறதுக்குள்ள வேலை வாங்குறவன் மனுஷனே இல்ல" என்று மேலாளர் தழுதழுத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாகத்தான் கேள்வி. எங்கள் மேலாளர் மாட்டுக்கே அழுதார். எல்லோரும் கைதட்டினோம்.

ஒருத்தி மட்டும் தட்டவில்லை. என் தங்கை. பரிசோதனைக் கூடத்தில் பாலின் ஹார்மோன் அளவைப் பார்ப்பவள். பச்சை உடம்புக்காரி, பிரசவ விடுப்பைப் பாதியில் வெட்டி, போன வாரம்தான் அவளை வரவழைத்திருந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், எனக்குத் தையல் இன்னும் ஆறல. குழந்தை பாலுக்கு அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. இன்னும் ஒரு மாசம் லீவு குடுங்க."

"உன் இடத்துக்கு வாசல்ல ஆள் நிக்குதும்மா. போனா அப்படியே போயிட வேண்டியதுதான்."

"தாயை வேலை வாங்கக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க சார்?"

"அது மாட்டுக்கு. நீ என்ன மாடா?"

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், பதவி அப்படி.

தங்கை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"இல்ல சார். மாடா இருந்தா எங்கண்ணன் சிரிச்சிருக்க மாட்டான்."