புரட்டாசிச் சளி

இந்தப் புரட்டாசியில எனக்குச் சளி பிடிச்சே ஆகணும்னு போன வருசமே முடிவு பண்ணிட்டனுங்க. சும்மா மூக்கு ஒழுகற சில்லறைச் சளி இல்லை. நெஞ்சைக் கட்டிப் போடற முரட்டுச் சளி.

சிரிக்காதீங்க. காரணத்தைக் கேளுங்க. பேரு முருகானந்தம். நாமக்கல்லுக்குப் பக்கத்துல ஒரு முட்டைக் கோழிப் பண்ணையில சூப்பர்வைசர். தினமும் காலையில அறுபதாயிரம் கோழி மூஞ்சியில முழிக்கறவன். வருசம் பூரா என்னைக் கண்டா நடுங்கற கோழிக, புரட்டாசி பொறந்தா மட்டும் கழுத்தைச் சாய்ச்சு ‘என்ன பண்ணிருவே?’ன்னு பாக்கும். ஒண்ணும் பண்ண முடியாதுங்க. என்ற ஊட்டுக்காரி சாரதாமணி புரட்டாசி ஒண்ணாந்தேதி கறிச்சட்டியைக் கழுவிப் பரண்ல கவுத்துனான்னா, ஐப்பசி பொறந்துதான் எறக்குவா. முட்டைகூடக் கெடையாது. வெளிய போய்த் திங்கலாம்னா, நாமக்கல்லுல எந்த மெஸ்ஸுக்குப் போனாலும் அவ சொந்தக்காரங்க ஒருத்தர் இலை போட்டுக்கிட்டு நிப்பாங்க. நான் கை கழுவறதுக்குள்ள ஊட்டுக்குச் சேதி போயிரும்.

ஆனா விரதத்துல ஒரு சந்து இருக்குது. அதைப் போன வருசம்தான் கண்டுபிடிச்சேன்.

போன புரட்டாசியில பக்கத்து ஊட்டுத் தண்டாயுதபாணிக்கு நெஞ்சுச் சளி. அவரு சம்சாரம் வந்து யோசனை கேட்டாங்க. சாரதாமணி யோசிக்கவே இல்லை.

“மருந்துன்னு வந்துட்டா விரதம் பாக்கக்கூடாதுங்கக்கா. பெருமாள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. நாட்டுக்கோழி அடிச்சு, மெளகு நெறையத் தட்டிப் போட்டுச் சாறு வெச்சுக் குடுங்க.”

சாயங்காலம் காம்பவுண்டுச் சுவத்தைத் தாண்டி வந்துச்சு பாருங்க ஒரு வாசம்! நான் இந்தப் பக்கம் பச்சப்பயிறு கடைஞ்சு ஊத்துன சோத்தைப் பெசஞ்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் தண்டாயுதபாணி உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. என்ற கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

அன்னிக்கே திட்டம் தயார். அடுத்த புரட்டாசி, நமக்குச் சளி. பெருமாளை ஏமாத்தற எண்ணம் எனக்குத் துளிகூட இல்லீங்க. சாரதாமணியை மட்டும்தான்.

புதன்கெழமை சாயங்காலம் வேலையை ஆரம்பிச்சேன்.

“லொக்.”

“ஏனுங்க, என்ன சத்தம்?”

“ஒண்ணுமில்ல சாரதா. நெஞ்சு கட்டுனாப்புல இருக்குது.”

“மழையில நனைஞ்சீங்களா?”

“லேசா.”

“மழையே பேயலையேங்க!”

“ஷெட்டுல பைப்பு ஒடைஞ்சு தெறிச்சிருச்சு. லொக் லொக்.”

நெத்தியில கையை வெச்சுப் பாத்தா. மூஞ்சியை உத்துப் பாத்தா. நானும் மூஞ்சியை இஞ்சி தின்ன கொரங்காட்டம் வெச்சுக்கிட்டேன். இரும்பு சூடா இருக்கறப்பவே தட்டிரலாம்னு, “இதுக்கெல்லாம் நாட்டுக்கோழிச் சாறு நல்லதும்பாங்க”ன்னு மெதுவா எடுத்து உட்டேன்.

“அது கடைசி வைத்தியமுங்க. எடுத்த எடுப்புலயே அதுக்குப் போலாமா? மொதல்ல இருந்து வருவோம்.”

கடைசி வைத்தியத்துக்கு முன்னால எத்தனை வைத்தியம் வரிசையில நிக்குதுன்னு நான் கேக்காம உட்டதுதான் தப்பு.

மொத ஆளா வந்தது நீலகிரித் தைலம். ஊட்டிக்கு டூர் போனப்ப ஊரே சாக்லேட் வாங்குச்சு. இவ ஆறு பாட்டில் தைலம் வாங்குனா. ஒண்ணைத் தெறந்து நெத்தி, நெஞ்சு, முதுகு, உள்ளங்கால், தலகாணி, கர்ச்சீப்பு, ஒரு எடம் பாக்கி உடாமத் தேச்சா. மிச்சத்தைக் கொதிக்கற நொச்சித் தழைத் தண்ணியில ஊத்தி, அதை என்ற மூஞ்சிக்கு நேரா வெச்சு, மேல பவானி ஜமுக்காளம் ரெண்டைப் போட்டு மூடி, நான் எந்திரிச்சு ஓடாம இருக்கறதுக்கு ஜமுக்காளத்து ஓரத்துல அவளே உக்காந்துக்கிட்டா.

“மூச்சை இழுங்க.”

“இழுத்துட்டேன்.”

“நல்லா இழுங்க.”

“சாரதா, கண்ணு எரியுது!”

“எரியட்டுமுங்க. சளி வெளிய வருது.”

“உசுரு வெளிய வருது சாரதா!”

“ரெண்டும் ஒரே வழிதானுங்க. சித்தப் பொறுங்க, மொதல்ல சளி வரட்டும்.”

மறுநாள் நான் ஷெட்டுக்குள்ள நுழைஞ்சதும் அத்தனை கோழியும் கூண்டோட பின்பக்கம் போய் ஒண்டிக்கிச்சு. அன்னிக்கு முட்டையே கொறைஞ்சு போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் என்ற மேலதான் பழி.

வியாழக்கெழமை ஆடாதொடைக் கசாயம். கசப்புன்னா கசப்பு, வேப்பெண்ணெய் அதுக்குப் பக்கத்துல பாயசம். “ஒரே மடக்குல குடிங்க சாமி”ன்னு கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லி, மூக்கைப் பிடிச்சு ஊத்துனா. வெள்ளிக்கெழமை வேலூர் வெத்தலையில எண்ணெய் தடவி, வெளக்குல வாட்டி, நெஞ்சுல ஒட்டுனா. சட்டைக்குள்ள ஒம்பது வெத்தலை. பாக்கு மட்டுந்தான் கொறை.

சனிக்கெழமை பெருமாளுக்குத் தளிகை. கோழின்னு வாயைத் தெறக்க முடியுமா? அன்னிக்கு வெரலி மஞ்சளை நெருப்புல சுட்டு அந்தப் புகையை மூக்குக்குள்ள ஏத்துனா. பதினாலு தும்மல். எண்ணுனது நானில்லை, சுவத்துக்கு அந்தப் பக்கம் தண்டாயுதபாணி.

“என்னங்க முருகானந்தம், இன்னும் கோழி வரலீங்களா?”

“கடைசி வைத்தியமாம்.”

“எனக்கு மொத நாளே குடுத்தாங்களே!”

“உங்களுக்கு நெசமாவே…”ன்னு ஆரம்பிச்சு, பாதியில நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். நல்ல வேளை, சாரதாமணி அடுப்படியில போன் பேசிக்கிட்டு இருந்தா. யார்கிட்ட, என்ன பேசுனாங்கறீங்க? பரமத்தி வேலூர்ல இருக்கற அவ தம்பிகிட்ட.

“பூபதி, காலையில வாரப்ப நல்ல வெடக்கோழியா ஒண்ணு புடிச்சாந்துரு. மாமாவுக்கு நெஞ்சு கட்டிக்கிட்டு நாலு நாளா ஒண்ணும் கேக்கலை.”

கேட்டதும் எனக்கு ரெக்கை மொளைச்சிருச்சுங்க. நாலு நாள் பட்ட பாடெல்லாம் பறந்து போச்சு. சாரதாமணியாட்டம் ஒரு பொண்டாட்டி ஏழு சென்மத்துக்கும் கெடைக்கணும்னு அந்தத் தளிகைப் பெருமாளையே கும்பிட்டேன்.

ஞாயித்துக்கெழமை காலையில பூபதி மஞ்சப்பையில கோழியோட வந்து எறங்குனான். பரண்ல இருந்த சட்டி கீழ எறங்குச்சு. சின்ன வெங்காயம், சீரகம், மெளகு எல்லாம் அம்மியில அரைபட்ட சத்தம் எனக்கு நாதஸ்வரமாக் கேட்டுச்சு. பத்து மணிக்கு வாசம் ஊட்டைத் தூக்குச்சு. நான் பெரிய டம்ளராப் பாத்து எடுத்துக்கிட்டு அடுப்படி நெலைப்படிகிட்ட உக்காந்தேன்.

சாரதாமணி கரண்டியோட வந்தா. மூஞ்சி வாடி இருந்துச்சு.

“ஏனுங்க, ஒரு வெசனம். சளி கட்டியா இருக்கறப்பக் கோழிச்சாறு குடிச்சா நெஞ்சுலயே எறுகிக்குமாம். எளகுன பொறகுதான் குடிக்கணுமாம். உங்களுக்கு எப்படி இருக்குதுங்க? இன்னும் கட்டியா இருந்தா, இன்னொரு நாலு நாளைக்கு ஆடாதொடையே…”

“எளகிருச்சு!” நான் எந்திரிச்சே நின்னுட்டேன்.

“நெசமாவா?”

“சுத்தமா எளகிருச்சு.”

“இருமலுங்க?”

“எங்க இருக்குது? காத்தாலயே போயிருச்சு.”

“நெஞ்சுக்கட்டு?”

“பஞ்சாட்டம் இருக்குது சாரதா!”

“எங்க, மூச்சை இழுத்து உடுங்க பாப்போம்.”

தெருக்கோடிக்குக் கேக்கற மாதிரி இழுத்து உட்டேன்.

“பூபதி, கேட்டியா? மாமாவுக்குப் பூரா நல்லாயிருச்சு.”

“கேட்டேனுங்கக்கா”ன்னான் அந்தத் தடியன்.

சாரதாமணி கரண்டியோட ரெண்டு கையையும் கூப்புனா. “அப்பாடா, பெருமாளே! நம்ம தைலம் கை உடலைங்க. இனி உங்களுக்குக் கோழி எதுக்குங்க? சீக்காளிக்குன்னா மருந்து. நல்லா இருக்கறவங்க புரட்டாசியில வாயில வெச்சா பாவமில்லீங்களா?”

என்ற கையில இருந்த டம்ளர் அப்படியே நின்னுச்சு.

“அப்ப… அந்தச் சாறு?”

“அதைக் கீழ ஊத்த முடியுமுங்களா?” சொல்லிட்டு நெஞ்சுல கையை வெச்சா. “லொக்.”

“என்ன சாரதா?”

“நாலு நாளா உங்களுக்குப் பக்கத்துலயே உக்காந்து தைலம் தேச்சனுங்களா, உங்க சளி எனக்கு ஒட்டிக்கிச்சாட்ட இருக்குதுங்க. லொக் லொக்.”

இருமலைச் செய்யறவனுக்கு இன்னொருத்தர் செய்யற இருமல் தெரியாதுங்களா? அது செஞ்ச இருமல். என்னைவிட நல்லாச் செஞ்சா. ‘அடிப்பாவி, எனக்குச் சளியே இல்லை, உனக்கு எங்கிருந்து ஒட்டுச்சு?’ன்னு கேள்வி தொண்டை வரைக்கும் வந்துச்சு. கேட்டுற முடியுமா? கேட்டா நாலு நாள் நாடகமும் நடுக்கூடத்துல அவுந்து விழுந்துரும். திருடனுக்குத் தேள் கொட்டுன கதைதான். அவ என்ற மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா. நான் கேக்கட்டும்னு காத்துக்கிட்டே நின்னா. நான் கேள்வியை முழுங்குன பொறகுதான் போய்ச் சாறு ஊத்துனா.

“எனக்கும் நேத்துல இருந்து மூக்கு அடைக்குதுங்கக்கா”ன்னு பூபதி தட்டோட உக்காந்தான்.

“உனக்கு ஒரு தொடைக்கறி போடறேன் சாமி.”

அந்த நேரம் பாத்து, சுவத்துக்கு அந்தப் பக்கம் தண்டாயுதபாணி இருமுனாரு. சாரதாமணி ஒரு கிண்ணத்துல ஊத்தி, மூடி போட்டு, என்ற கையில குடுத்தா.

“பாவம், போன வருசத்து மிச்சமாட்ட இருக்குது. சூடு ஆறறதுக்குள்ள குடுத்துட்டு வாங்க.”

குடுத்துட்டு வந்தனுங்க. போறப்பவும் வாசம், வாரப்பவும் வாசம். திரும்பி வந்தா அக்காவும் தம்பியும் நெத்தி வேர்க்க, மூக்கு வேர்க்க, எலும்பைத் தட்டி உறிஞ்சிக்கிட்டு இருக்கறாங்க. சாரதாமணி என்னைப் பாத்தா. நான் அவளைப் பாத்தேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கலை. எனக்குக் கோவம் வரணுமில்லீங்களா? வரலையே! இப்படி ஒரு ஆளை ஏமாத்தலாம்னு நெனைச்ச என்ற புத்தியை நெனைச்சு நானும் சிரிச்சுட்டேன். சிரிச்சு முடிச்சுப் பச்சப்பயிறு ஊத்திச் சாப்பிட்டேன்.

கை கழுவப் போறப்ப அவ கூப்புட்டா.

“ஏனுங்க, அந்தக் கறிச்சட்டியை நல்லாத் தேச்சுக் கழுவிப் பரண்ல ஏத்திருங்க. எனக்குச் சளி பாருங்க, பச்சத்தண்ணியில கை வெக்கக்கூடாது.”