தெர்மாகோலும் செல்வி அக்காவின் முகமும்

டில்லியில் சூரியனிடம் மரியாதையாகவும் மனிதர்களிடம் "கொஞ்சம் தள்ளுங்க" என்றும் பேசிய ஒரே பிறவி தெர்மாகோல்தான். நம்பாதவர்கள், கோல் மார்க்கெட் பக்கம் எங்கள் பெண்கள் விடுதியில் அந்த ஓராண்டு இருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். எல்லாரும் அவளால் ஒரு முறையாவது தள்ளப்பட்டவர்கள்.

அவளுக்கு நிஜமாகவே ஒரு பெயர் உண்டு. அது மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. திருநெல்வேலிக்காரி, என்னைவிட ஒரு வயது பெரியவள். பகலில் கோப்புகளைப் பார்ப்பாள், மற்ற நேரமெல்லாம் வெளிச்சத்தைப் பார்ப்பாள். மூன்றடி நீளத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை எப்போதும் கக்கத்தில் இருக்கும். நிழல் விழும் முகத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க அது வேண்டுமாம். மெட்ரோ நிலையத்தில் சோதனை செய்யும் காவலர் ஒருநாள் அதைத் தட்டிப் பார்த்து, இது என்ன என்று இந்தியில் கேட்டார்.

"லைட்" என்றாள்.

"லைட்டா? ஸ்விட்ச் எங்கே?"

இவள் விரலை உயர்த்தி வானத்தைக் காட்டினாள். பின்னால் வரிசை டிக்கெட் கவுன்டர் வரை நின்றது. நான் அவளைத் தெரியாதவள்போல் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அந்த விடுதியில் நான் அவளுடைய அறைத்தோழி. ஒரு செய்தித் தளத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தேன். செல்போனில் வீடியோ எடுத்து அனுப்புவதுதான் வேலை. பட்டனை அமுக்கினால் படம் வரும், வராவிட்டால் பில்டர் போடலாம் என்பதுவரை என் ஞானம். முதல் நாள் பெட்டியை இறக்கி வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"ஏட்டி, உன் கட்டில் வடக்கு வெளிச்சத்துல நிக்கு" என்றாள்.

"அதனால?"

"வடக்கு ஜன்னல்ல நேர் வெயிலே விழாது. நாள் பூரா ஒரே மாதிரி மெத்துனு வெளிச்சம். அங்கன போயி பெட்டியும் துவைக்காத துணியும் வைக்கலாமா? பாவம்ட்டி."

யார் பாவம் என்று கேட்பதற்குள் என் கட்டில் கதவோரம் போய்விட்டது. வெளிச்சம் அந்த ஜன்னலோரம் தனியாக, சவுகரியமாக வசித்தது.

டிசம்பர் பிறந்தால் டில்லி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். புகையும் பனியும் கலந்து எதிர்க் கட்டடம் காணாமல் போகும். விடுதியே முகமூடி போட்டு இருமிக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் கல்யாண வீட்டுக்காரிபோல் மாடிக்கும் கீழுக்கும் ஓடுவாள்.

"வெளிய வந்து பாருங்கட்டி. சூரியனுக்கு முன்னால யாரோ எட்டு முழ வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு. ஒரு நெழலுக்காவது ஓரம் இருக்கா பாரு."

"மூச்சு விட முடியலைடி."

"மூச்சு கிடக்கு. நெழலைப் பாரு."

கைப்பையில் சாம்பல் நிறத்தில், விசிட்டிங் கார்டு அளவில் ஓர் அட்டையும் வைத்திருப்பாள். படம் எடுக்குமுன் அதை எதிராளியின் முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், பல்பின் மஞ்சளும் ட்யூப்லைட்டின் பச்சையும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காமிராவுக்குப் புரியுமாம். ஆனால் அதை வணக்கம் சொல்வதற்கு முன்பே நீட்டுவாள். லட்சுமிபாய் நகரில் பொங்கல் விழாவைப் படம் எடுக்கப் போனபோது ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "பேரே போடலியேம்மா" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதைத் திரும்பக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு எடுத்த படத்திலெல்லாம் சர்க்கரைப் பொங்கல் பச்சை நிறத்தில் இருந்தது.

அதே விழாவில்தான் இன்னொன்றும் நடந்தது. மேடையில் குழந்தைகள் கும்மியடிக்கிறார்கள். இவள் வீடியோவில் கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. அரங்கத்து ட்யூப்லைட் நம் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நூறு முறை துடிக்கிறது, காமிராவின் ஷட்டர் அந்தத் தாளத்துக்கு ஒத்துப்போகாவிட்டால் பட்டை விழும். ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கோ நூறில் ஒரு பங்கோ வைத்தால் சரியாகிவிடும். இரண்டு விரல் வேலை. எனக்கே இப்போது தெரியும். ஆனால் அன்றைக்கு அவளுடைய காமிராவில் ஷட்டரை மாற்றும் சக்கரம் சிக்கிக்கொண்டது. சக்கரத்தைச் சரிசெய்யமுடியாதவள் நேராகப் போய் ட்யூப்லைட்டை எல்லாம் அணைத்துவிட்டாள். கும்மி நிற்கவில்லை. இருட்டில் கைதட்டும் ஓசையும் "அம்மா, யாரோ என் காலை மிதிக்கிறா" என்ற குரலும் மட்டும் கேட்டன. விழாச் செயலாளர் டார்ச்சை அடித்து அவளைத் தேடினார். டார்ச் முகத்தில் விழுந்ததும் இவள் சொன்னது: "சார், கொஞ்சம் சைடுல இருந்து அடிங்க."

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு அவளுக்குக் கூடுதலாக ஒரு தோசை வார்த்தவர் செல்வி அக்கா ஒருவர்தான்.

செல்வி அக்கா எங்கள் மெஸ்ஸில் சமைப்பவர். விழுப்புரத்துப் பக்கம். வாடகைக்கு ஒரு தகரக் கூரை வீட்டில் இருந்து, விடியுமுன் பஸ் பிடித்து வருவார். அவர் வைக்கும் சாம்பாருக்காக ஜார்க்கண்ட் பெண்களும் மணிப்பூர் பெண்களும் தமிழில் "அக்கா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லக் கற்றிருந்தார்கள். தெர்மாகோல் சமையலறை மேடையில் உட்கார்ந்து அவருக்கும் காமிரா பாடம் நடத்துவாள்.

"லென்சுக்குள்ள ஒரு ஓட்டை இருக்குக்கா. அதைப் பெருசாவும் தொறக்கலாம், சின்னதாவும் தொறக்கலாம். ஷட்டரு, எம்புட்டு நேரம் தொறந்திருக்கணும்ங்கது. புரியுதா?"

"அச்சா, குழாய எவ்ளோ தொறக்கறது, எவ்ளோ நேரம் வுடறது. அதானே?"

"அதேதான். வெளிச்சம் இன்னும் பத்தலன்னா ஐ.எஸ்.ஓ.வை ஏத்தணும். படம் தெரிய ஆரம்பிச்சிரும், ஆனா பொரிபொரியா வந்துரும்."

செல்வி அக்கா கரண்டியை நிறுத்தி யோசித்தார். "ஆளு ஜாஸ்தி வந்துட்டா சாம்பார்ல தண்ணி ஊத்தறோமே, அந்த மாதிரியா? எல்லாருக்கும் வரும், ருசி பூடும்."

தெர்மாகோல் மேடையிலிருந்து குதித்து அவரைக் கட்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைச் சாம்பார் மட்டும் ஏன் நீர்த்திருக்கும் என்ற ரகசியம் எங்களுக்கு அன்றுதான் புரிந்தது.

ஜனவரியில் செல்வி அக்காவுக்கு ஓர் அரசு அலுவலகக் கான்டீனில் சமையல் வேலைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு வந்தது. பி.எப்., விடுமுறை, சீருடை, எல்லாம் உண்டு. அவருக்கு நாற்பத்தி நாலு வயது, வயது வரம்பு நாற்பத்தைந்து. அடுத்த முறை என்ற பேச்சே கிடையாது. இணையத்தில் படிவத்தை நான்தான் நிரப்பினேன். புகைப்படம் வெள்ளைப் பின்னணியில் இருக்கவேண்டும், பழைய அடையாள அட்டையிலுள்ள முகத்தோடு பொருந்தவேண்டும், மூன்று முறைதான் ஏற்றலாம்.

முதல் படத்தை எடுத்தது நான். மெஸ்ஸின் வெள்ளைச் சுவர் முன் நிறுத்தி ஒரு க்ளிக். "முகம் தெளிவாக இல்லை" என்று நிராகரித்தது. பார்த்தால், சுவர் இருந்தது, புடவை இருந்தது, மூக்குத்தி இருந்தது. செல்வி அக்கா இல்லை. இதைத் தெர்மாகோலிடம் சொன்னால் மூன்று நாள் பிரசங்கம் கேட்கவேண்டும் என்று பயந்து, அவரை மார்க்கெட் ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். அந்த ஸ்டூடியோக்காரர் தாராள மனசுக்காரர். தெற்கத்தி முகம் யார் போனாலும் கேட்காமலே கம்ப்யூட்டரில் வெளுத்துக் கொடுத்துவிடுவார். "தீதி, கோரா கர் தியா" என்று பெருமையாக வேறு சொல்லியிருக்கிறார், அக்கா, வெளுப்பாக்கிவிட்டேன் என்று. "முகம் பொருந்தவில்லை" என்றது தளம். அதைக் குறை சொல்லமுடியாது. அந்தப் படத்தில் இருந்தவர் பஞ்சாபி சீரியலில் வரும் மாமியார்.

இரண்டு வாய்ப்பும் போய்விட்டது. கடைசி நாள், மாலை ஐந்து மணியோடு முடிகிறது. மதியம் இரண்டு மணிக்குச் செல்வி அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, "வுடு கண்ணு, என் மூஞ்சிக்கி ராசியில்ல" என்றார். நான் தெர்மாகோலின் அலுவலகத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அரை மணியில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மேலதிகாரியிடம் என்ன சொன்னாளோ தெரியாது. நான் எடுத்த படத்தைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"காமிராவுக்கு மூளை கிடையாதுட்டி. எதைப் பாத்தாலும் சாம்பல்னு நெனச்சுக்கிடும். வெள்ளைச் சுவரைக் காட்டுனா, அடடா இம்புட்டு வெளிச்சமானு படத்தையே இருட்டாக்கிரும். அக்கா முகத்துக்குக் கணக்கு வைக்கணும். சுவரு எக்கேடு கெட்டா என்ன? மாடிக்கு வாங்க."

பிரசங்கம் அவ்வளவுதான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மாடியில் மேகமூட்டம். வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழுந்ததால் செல்வி அக்காவின் கண்ணுக்குக் கீழே குழி விழுந்தது. கீழிருந்து வெள்ளையாக ஏதாவது வைத்து வெளிச்சத்தை மேலே திருப்பவேண்டும். தெர்மாகோலின் தெர்மாகோலோ இல்லை. முந்தின வாரம் யாரோ அதிகாரி பார்வையிட வருகிறார் என்று வார்டன் மேடம் அதை வெட்டி, இந்தியில் "ஸ்வாகத்", அதாவது நல்வரவு, என்று எழுத்து செய்து வாசலில் ஒட்டிவிட்டார்.

"எல்லாரும் பெட்ஷீட்டை உருவிட்டு வாங்கட்டி."

விடுதியில் இருந்த எட்டுப் பேரும் வந்தோம். ஒன்றைப் பின்னால் நான்கடி தள்ளிக் கட்டினாள், அக்காவின் நிழல் அதன்மேல் விழாமலிருக்க. மற்றவற்றைக் கீழே இடுப்பளவில் பிடிக்கச் சொன்னாள். ரோஸ் நிற ஷீட் கொண்டுவந்தவளைத் திருப்பி அனுப்பினாள். "அக்கா என்ன பீட்ரூட்டா?"

சத்தம் கேட்டு வார்டன் மேடம் மேலே வந்தார். கெட்டியான கம்பளிச் சால்வை, பால் வெள்ளை. திட்டுவதற்கு வாயைத் திறந்தவரை இவள் மேலிருந்து கீழே பார்த்தாள். அந்தப் பார்வை எங்களுக்குத் தெரியும்.

"மேடம்ஜி, இதர். தோடா நீச்சே பைட்டியே. சால்வை, பூரா கோல்தோ."

வாழ்நாளில் யாரும் அவரிடம் குந்தி உட்காரச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அதிர்ச்சியில் உட்கார்ந்துவிட்டார். சால்வையை விரித்தார். செல்வி அக்காவின் வலது கன்னம் துலங்கியது.

அப்போதுதான் ராஞ்சிக்காரப் பெண் தெர்மாகோலிடம் மெதுவாகக் கேட்டாள். "தீதி, இந்தப் படம் பாஸானால் அக்கா நம்மை விட்டுப் போய்விடுவார், இல்லையா?"

எங்கள் கைகள் தாமாகவே இறங்கின. தட்டில் ஆவி பறக்கும் சாம்பாரை நான் நினைத்துக்கொண்டேன், பொய் சொல்லமாட்டேன். செல்வி அக்காவின் முகத்தில் இருட்டு ஏறியது.

தெர்மாகோல் காமிராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெளிச்சம் இறங்குது. ஷீட்டைத் தூக்குங்கட்டி" என்றாள்.

தூக்கினோம். வார்டன் மேடமும் சால்வையை இன்னும் ஒரு முழம் உயர்த்தினார்.

க்ளிக். திரையைப் பெரிதாக்கிச் செல்வி அக்காவிடம் காட்டினாள். கருப்பு கருப்பாகவே இருந்தது. அதற்குள் கன்னத்து மேடு, நெற்றியில் மூன்று கோடு, கண்ணில் வெளிச்சம் வைத்த ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு, எல்லாம் இருந்தன. அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நானு" என்றார். "மத்ததெல்லாம் யாரோ."

நாலே முக்காலுக்கு ஏற்றினோம். தளம் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டுப் பச்சை டிக் காட்டியது. அடுத்து இருந்த சமையல் தேர்வு பற்றி யாருக்கும் கவலையே இல்லை. அது அவர் போய் ஒரு சாம்பார் வைத்தால் முடிகிற விஷயம், முடிந்தது. மார்ச் முதல் எங்கள் மெஸ்ஸில் புதுச் சமையல்காரர். வாரத்தில் ஆறு நாள் ராஜ்மா, ஏழாம் நாள் மிச்ச ராஜ்மா. எவளும் தெர்மாகோலைத் திட்டவில்லை. முறைத்தோம், அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, செல்வி அக்காவைப் பார்க்க இரண்டு பேரும் அந்தக் கான்டீன் வாசலுக்குப் போனோம். சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தார். தெர்மாகோல் ஆசையாக அட்டையைப் பிடித்துப் பார்த்தாள். எந்தப் பிரின்டரில் போட்டார்களோ, அட்டையில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கரிய பூச்சு. மூக்குத்திகூட இல்லை.

"எந்த ரூம்ல பிரின்ட் எடுத்தான்? எவன் எடுத்தான்? நான் போயி கேக்கேன்" என்று கேட்டை நோக்கி நடந்தவளைச் செல்வி அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வுடு தங்கச்சி. வாட்ச்மேன் டெய்லி இந்த அட்டையப் பாக்கறான், அப்புறம் என்னப் பாக்கறான், சிரிச்சிகினு வுட்டுடறான். நீ எடுத்தது என் போன்ல கீது. ஊர்ல மொத்த பேருக்கும் அனுப்பிட்டேன். எம் பொண்ணு கேக்கறா, எம்மா, நீ இவ்ளோ அழகான்னு. அவளுக்கே இப்பத்தான் தெரியுது."

பஸ் நிறுத்தம் வரை தெர்மாகோல் விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என்ன வெயிலுட்டி, கண்ணு கூசுது" என்றாள்.

வானம் முழுக்க மேகம். அவள் வெளிச்சத்தைத் தப்பாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் திருத்தவில்லை.