அஞ்சு போதும்

ஓடத் தெரியாம, பந்தை உதைக்கத் தெரியாம, ஒரு ஃபுட்பால் டீமையே தூக்கி நிறுத்துன ஆளு இந்த ஊர்ல ஒருத்தன்தான். அவன் பேரு அஞ்சு போதும். அப்பா அம்மா வெச்ச பேரு ரேஷன் கார்டுல இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. நாங்க கேட்டதும் இல்ல.

பேருக்கு அவன் எங்க டீம்ல மூணாவது கோல்கீப்பர். முதல் ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல காய்ச்சல் வந்தாக்கூட அவனை நிறுத்த மாட்டோம். பந்து வந்தா கண்ணை மூடிக்குவான். ஒருதடவை பிராக்டிஸ்ல பந்து அவன் மூஞ்சில பட்டு வெளிய போயிடுச்சு. அதை ரெண்டு வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தான், தடுத்துட்டேன்னு.

ஆரோவில் பக்கம் ஒரு ஜிம்முல தரை துடைக்கிற வேலை அவனுக்கு. அங்க ஒரு வெள்ளைக்கார கோச்சு ஃபுட்பால் ஆடுற பசங்களுக்கு ஏதாவது சொன்னா, மாப்பை நட்டு வெச்சிட்டு நின்னு கேப்பான். பாதி புரியும். மீதியை அவனே சேத்துக்குவான். அப்படி அவன் புடிச்சிக்கிட்டு வந்தது ஒண்ணே ஒண்ணுதான். மேட்ச் நடக்குற சீசன்ல வெயிட் தூக்குறதை விட்டுடவும் கூடாது, நெறையா தூக்கவும் கூடாது. கனமா தூக்கணும், கம்மியா தூக்கணும். வாரத்துல ரெண்டு நாள், ஒரு நாளைக்கு அஞ்சு தடவை. ஆறாவது தூக்கப் போனா வந்து கம்பியைப் புடிச்சிக்குவான்.

"அஞ்சு போதும்."

எங்களுக்குச் சிரிப்பு வரும். நாங்க எல்லாம் உப்பளத்துல மூட்டை தூக்குற பசங்க. எங்க கேப்டன் ரஃபீக் நேராவே கேட்டுட்டான். "ஏம்பா, நாள் பூரா மூட்டை தூக்குறவனுக்கு அஞ்சு தூக்கச் சொல்றியே, உனக்கே நல்லா இருக்குதா?"

"அது அலுப்புடா. இது பலம். அலுப்பைப் போயி பலம்னு நெனைச்சிக்கிட்டு இருக்கீங்க."

சொன்னவன் நின்னு ஒரு மூட்டை தூக்கினது கெடையாது. இருந்தாலும் நான் அவன் பேச்சைக் கேட்டேன். எனக்கு வேற வழி இல்ல. அதுக்கு முந்தின சீசன்ல ஒரு பந்தைத் துரத்திக்கிட்டு ஓடுறப்ப பின்தொடை கிழிஞ்சிடுச்சு. இன்னொரு தடவை கிழிஞ்சா ஆட்டத்தை மறந்துடு, மூட்டையையும் மறந்துடுன்னு பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிட்டாரு. ஆட்டம் போனா அழுதுட்டு இருந்துடலாம். மூட்டை போனா? அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவன் நான். எனக்குத் தெரிஞ்சது அந்த ரெண்டுதான்.

வெயிட்டுன்னா என்னா வெயிட்டு. பழைய போர்வெல் பைப் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒரு பெயின்ட் பக்கெட், இந்தப் பக்கம் ஒரு பெயின்ட் பக்கெட், ரெண்டுலயும் உப்பு. உப்பு காத்துல ஈரம் குடிக்கும் இல்ல, அப்போ கனம் ஏறிடும். அதனால தூக்குற அன்னிக்கெல்லாம் முதல்ல ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில வெச்சு அமுக்கிப் பாப்பான், நர்ஸு காய்ச்சல் பாக்குற மாதிரி முகத்தை வெச்சிக்கிட்டு. கையில ஒட்டுச்சுன்னா, "இன்னிக்கு நாலு."

அப்புறம் ஒருநாள் நூலை எடுத்துட்டு வந்து எல்லாருடைய தொடையையும் அளந்தான். எனக்கு வலது தொடை ஒரு விரக்கடை பெருசு. எப்பவும் வலது தோள்லயே மூட்டை தூக்குறேன், அதான்னான். நாளையிலேர்ந்து இடது தோள்ல தூக்குடான்னு சொல்லிட்டான். நானும் தூக்கினேன்.

உப்பளத்து வரப்பு ஒரு ஆளு அகலம். மூட்டையோட போறவன் வலது தோள்ல வெச்சிருப்பான், வெறுங்கையா வர்றவன் அவனுக்கு இடது பக்கமா ஒடுங்கிப் போவான். இது காலங்காலமா நடக்குறது, யாரும் யாருக்கும் சொல்லித் தர்றது இல்ல. நான் இடது தோள்ல மூட்டையை வெச்சதும் எனக்கு அந்தப் பக்கமே தெரியல. எதிர்ல வந்த ரஃபீக்கை மூட்டையால ஒரே இடி. அவன் பாத்தியில விழுந்தான், அவன் மேல நான், என் மேல மூட்டை. ரெண்டு நாளா வெளைஞ்ச உப்பு மொத்தமும் சேறாயிடுச்சு.

மேஸ்திரி வந்து பாத்துட்டு, யாருடா இந்த வித்தையைக் கத்துக் குடுத்ததுன்னு கேட்டாரு. மறுநாள் அவனே வந்து நின்னான். மன்னிச்சிக்குங்கன்னு அஞ்சு தடவை சொன்னான். மேஸ்திரிக்குக் கோவம் அப்பவும் எறங்கல. இவன் ஆறாவது சொல்லல, திரும்பி நடந்துட்டான்.

மேட்சுக்கு முந்தின நாள் யாரும் வெயிட்டைத் தொடக் கூடாது. நாங்க அவனுக்குத் தெரியாம தூக்கிடுவோம்னு சந்தேகம். ரெண்டு பக்கெட்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு அதுங்க மேலயே குடை புடிச்சிக்கிட்டு உக்காந்துடுவான். சோறும் அங்கயேதான். மறுநாள் அதே பேண்ட்டோட மேட்சுக்கு வருவான், பின்னாடி ரெண்டு வெள்ளை வட்டம் பூத்திருக்கும். எதிர் டீம் பசங்க சிரிப்பானுங்க. எங்களுக்கு அதைப் பாத்தாதான் தெம்பா இருக்கும். அவன் சொன்னதைக் கேட்ட ரெண்டு சீசனும் என் தொடைக்கு ஒண்ணும் ஆகல.

ஒருதடவை ஃபைனல்ல தோத்துட்டோம். நான் ஒரு பந்தை வெளிய அடிச்சிட்டேன். கிரவுண்டுலயே உக்காந்து எல்லாரும் அழுறோம். அவன் வந்து ஃபோனை எடுத்து டைம் பாத்தான்.

"அஞ்சு நிமிஷம் அழுங்கடா. மீதியை நாளைக்கு அழுதுக்கலாம். ஒரேடியா அழுதீங்கன்னா வெள்ளிக்கிழமை அடுத்த டோர்னமென்ட் மேட்சுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

அழுதுக்கிட்டே சிரிச்சிட்டோம்.

போன சித்திரையில, சீசன் பாதியில, வேலைக்குப் போனவன் மேல ஈசிஆர் ரோட்டுல லாரி ஏறிடுச்சு.

கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் போனோம். கடைக்காரரு பேரு கேட்டாரு. எங்கள்ல ஒருத்தனுக்கும் தெரியல. எத்தனை வருஷமா கூடவே இருந்தவன். கடைசியில அவங்க அம்மாவுக்கு ஃபோன் போட்டுத்தான் பேரே தெரிஞ்சுது. போட்டோ இல்லாம பேரை மட்டும் போட்டு பேனர் கட்டுனதும் ஊர்ல போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு, யாருப்பா செத்துட்டதுன்னு எங்களையே கேட்டாங்க. அப்புறம் ரஃபீக் ஏணி போட்டு ஏறி, மார்க்கர்ல கீழ எழுதினான். அஞ்சு போதும். அதுக்கப்புறம்தான் ஜனம் அழுதுது.

அந்த வாரம் நான் மட்டும் பைப்பு கிட்ட போனேன். அஞ்சு தூக்கினேன். யாரும் வரல. ஆறு தூக்கினேன். அப்பவும் யாரும் வரல. கோவமா வந்துச்சு. அம்பது வரைக்கும் எண்ணினேன், அதுக்கு மேல எண்ணல. காலையில கால் எழும்பல. தொடை கிழியல, அது என் நல்ல நேரம். ஆனா பதினஞ்சு நாள் மூட்டை தூக்க முடியல, செமி ஃபைனலை சேர்ல உக்காந்து பாத்தேன், தோத்துட்டோம். அதோட பசங்களும் வெயிட்டை விட்டுட்டானுங்க. நானும் அந்தப் பக்கம் போறதை விட்டுட்டேன்.

இப்போ மழை போயி உப்பளம் தொறந்தாச்சு. ஞாயித்துக்கிழமை முதல் மேட்ச். நேத்து சாயங்காலம் போயிப் பாத்தேன். பக்கெட்டு ரெண்டும் வாய் தொறந்தே கெடக்குது. மழையில உப்பு மொத்தமும் கரைஞ்சு வழிஞ்சிடுச்சு. உள்ள நின்ன தண்ணியை விரல்ல தொட்டு நக்கிப் பாத்தேன். பச்சத் தண்ணி. ஒரு கல்லு உப்புகூட இல்ல.

பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு மேஸ்திரி கிட்ட போனேன். எதுக்குன்னு கேக்கல அவரு. "அந்தக் குவியல்ல அள்ளிக்கோ. காஞ்சது அதான்"னு மட்டும் சொன்னாரு.

ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில வெச்சு அமுக்கினேன். ஒட்டல. அப்போ அஞ்சு. ரெண்டு பக்கெட்டையும் நெரப்பிக்கிட்டு வந்து பைப்புல மாட்டினேன்.

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. கீழ வெச்சேன். கை தானா மறுபடியும் கம்பிக்குப் போச்சு. கொஞ்ச நேரம் அப்படியே குனிஞ்சு நின்னேன். அப்புறம் நானே கையை எடுத்துக்கிட்டேன்.

ரெண்டு பக்கெட்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு உக்காந்தேன். ஃபோன்ல டைம் பாத்துட்டு அழுதேன். அஞ்சு நிமிஷம் ஆனதும் எழுந்தேன். பின்னாடி கையை வெச்சுப் பாத்தா பேண்ட்டுல உப்பு ஒட்டியிருக்குது, ரெண்டு வட்டமா.

தட்டிவிட மனசு வரல. ஞாயித்துக்கிழமை அதே பேண்ட்டைப் போட்டுக்கிட்டுத்தான் கிரவுண்டுக்குப் போகப் போறேன்.