பல்லிக்கு விழுந்த இதயங்கள்

ஒளிப்பட்டணத்தில் ஆளுக்கொரு உள்ளங்கைப் பலகை உண்டு. ஒருவர் அதில் போடும் படத்தை ஊரே பார்க்கும். பிடித்தால் ஓர் இதயத்தைத் தட்டிவிடும். அரசர் தாம் பல் துலக்கும் படத்தைக்கூடப் போடுவார். இதயங்கள் குவியும். யாருக்கும் நோயில்லை.

ஒருநாள் பல்கலைக்கழக விடுதி மாணவர்கள், சாம்பாரில் மிதந்த பல்லியைப் படமெடுத்துப் போட்டார்கள். அரசரைவிடப் பல்லிக்கு இதயம் அதிகம் விழுந்தது. மறுநாளே நாட்டில் ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது.

"மாணவர்களுக்குப் பலகைப் பித்து. அளந்தே தீரவேண்டும்" என்றார் அளவைத்துறை அமைச்சர் கனகசிங்கர்.

இருபது கேள்விகள், நூறு மதிப்பெண். அறுபதைத் தாண்டினால் பித்து, தேர்வெழுத முடியாது. பதில்களைப் பலகையில்தான் நிரப்ப வேண்டும், அதுவும் மணிக்கொரு தடவை. நிரப்பாதவர் எதையோ மறைக்கிறார். ஆகவே அவருக்கும் பித்து. பத்தே நாளில் பாதிப் பல்கலைக்கழகம் விழுந்தது. "பரவுகிறது பாருங்கள்!" என்று அமைச்சர் நிரப்புவதை அரைமணிக்கொரு தடவை ஆக்கினார்.

இறுதியாண்டு மருத்துவ மாணவி பூவரசிக்கு அறுபத்தொன்று. வெங்காய மண்டிக்காரர் மகள். நேராக அரசவைக்கே போய், அளவே தப்பு என்றாள்.

"பேரம் பேச இது சந்தையல்ல, பெண்ணே. இது விஞ்ஞானம்" என்றார் அமைச்சர்.

"சந்தையா இருந்தா உங்க தராசு இந்நேரம் உடைஞ்சிருக்கும் ஐயா. எங்க மண்டியில எடை மேல சந்தேகம் வந்தா, சரக்கைத் தட்டு மாத்தி வெச்சு நிறுப்போம். நீங்களும் மாத்துங்க. அதே கேள்வி, நீங்க பதில் சொல்லுங்க."

"சொல்லுமய்யா, பொழுது போகும்" என்றார் அரசர், பலகையிலிருந்து தலை நிமிராமல்.

"பலகையைப் பார்க்காட்டி கை பதறுமா?"

"அரசர் படத்துக்கு எத்தனை இதயம் என்று கவனிப்பது என் கடமை…"

"பதறுமா, பதறாதா?"

"பதறும்."

இருபது கேள்வியும் முடிந்தபோது அமைச்சருக்கு மொத்தம் தொண்ணூற்றெட்டு. அரசர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடுத்து நீங்க, அரசே."

சிரிப்பு நின்றது. அமைச்சர் அங்கேயே ஆணை பிறப்பித்தார்: அறுபதுக்கு மேல் பித்து; தொண்ணூறுக்கு மேல் நாட்டுப்பற்று.

அன்று மாலை மாணவர்கள் அத்தனை பேரும் பலகைகளை வெங்காயச் சாக்குகளில் போட்டுக் கட்டினார்கள். அதைப் பார்த்து ஊராரும் கட்டினார்கள். மறுநாள் அரசர் படத்துக்குப் பதினோரு இதயம். அமைச்சர்களே பதினோரு பேர்தான்.

மூன்றாம் நாள் அரசர் விடுதிக்கே வந்துவிட்டார்.

"சாக்கை அவிழுங்கள். பாதிப் பேரைத் தேர்வெழுத விடுகிறேன்."

"எல்லாரும் எழுதுவோம்."

"சரி, எல்லாரும். ஆனால் ஆளுக்கொரு இதயம்."

"முதல்ல தேர்வுக்கு ஆணை. இதயமெல்லாம் படத்தைப் பார்த்துட்டுத்தான்." பூவரசி கேள்வித்தாளைப் பிரித்தாள். "மூணு நாளாச்சு, எங்க கை பதறலை. உங்க கையை நீட்டுங்க, அரசே."

அரசர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஆனால் ஆணையில் ஒப்பமிடக் கை வெளியே வந்துதானே ஆகவேண்டும்?

தேர்வு நடந்தது. அந்த ஆணையை மாணவர்கள் சாப்பாட்டுக்கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். கையெழுத்து மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டு போகிறது. அப்படியொரு கையெழுத்தை உங்கள் ஊர் ஆணை எதிலாவது பார்த்திருந்தால், தட்டை மாற்றச் சொல்லுங்கள்.