பதினைந்தாவது மட்டை

அநீதி இழைக்கப்பட்டவர் என் அம்மா. இழைத்தவர் என் அப்பா. பறிபோனது பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. நல்ல வெளிச்சம் விழும் ஜன்னல், துணி வெட்டும் மேசை, தையல் மெஷின், சுவரில் ஆணியடித்து மாட்டிய அறுபத்திரண்டு நூல்கண்டுகள், எல்லாம் சேர்த்து. எதற்காகப் பறித்தார் என்று கேட்டால் உங்களுக்கும் ரத்தம் கொதிக்கும். கோல்ஃப் ஆட!

நான் சட்டம் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. அப்பா என்னை 'வக்கீலம்மா' என்பார். பாராட்டு என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். "வாயை மூடு" என்பதன் சுருக்கம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் கடைக்குப் போய்த் திரும்பினோம். மெஷின் நடைவழியில், ஃப்ரிஜ்ஜுக்குப் பக்கத்தில் நிற்கிறது. தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்தபடி. அறைக்குள் கூரையிலிருந்து தரைவரை ஒரு பச்சை வலை. அதற்கு எதிரே பச்சைப் பாயின்மேல் அப்பா, கால்களை அகட்டி, கையில் மட்டையோடு.

"ஏங்க, என் மெஷின்?"

"வெளியில இருக்கு பாரு."

"அதை நான் எங்க வைக்கறது?"

"எங்கயாவது வை. தைக்கறதுக்கு உக்கார இடம் இருந்தா போதாதா? எனக்கு மட்டையைச் சுழட்டணுமே!"

எங்கயாவது! அந்த ஒரு சொல்லுக்கே நான் வழக்குப் போட்டிருப்பேன். அம்மா நூல்கண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு வாளியில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அம்மா பொழுதுபோகாமல் தைக்கிறவள் அல்ல. ஒரு ஹோட்டல் பணியாளர்களுக்கு முப்பது கோட்டு ஒப்புக்கொண்டிருந்தாள். மாதக் கடைசிக்குள் அது திருத்தமாகப் போய்ச் சேர்ந்தால் அந்த ஹோட்டலின் தையல் முழுக்க இனி அவள் கையில். சேராவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் அம்மாவால் நடையைக்கூடக் கட்ட முடியாது. நடையில்தான் ஃப்ரிஜ் இருக்கிறதே. யார் தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தாலும் அவள் முழங்கையில் இடிக்கும். விளக்கோ மங்கல். மூன்றாம் நாள் கருநீலக் கோட்டில் கறுப்பு நூலோட்டிவிட்டாள். இரண்டு கையும் முடித்த பிறகுதான் தெரிந்தது. சமையலறை ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். அறைக்குள் 'டப், டப்' என்று பந்து வலையில் விழுந்துகொண்டிருந்தது.

அப்பா ஆட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டுக் குழி. எத்தனை குறைந்த அடியில் பந்தை எல்லாக் குழியிலும் போடுகிறோமோ அத்தனை சமர்த்து. அப்பா நூற்றுப் பதினெட்டில் ஆரம்பித்தார். ஆறு மாதம், ஒன்பது புது மட்டை, பதினொரு வீடியோ குருநாதர்கள். அத்தனைக்கும் பிறகு நூற்றுப் பதினாறுக்கு வந்து சேர்ந்தார்.

இத்தனைக்கும் அவர் ஆபீஸில் கொள்முதல் மேலாளர். ஒரு பெட்டி குண்டூசி வாங்க மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்கிறவர். ஆனால் மட்டைக் கடையில் சாம்பியன் படம் போட்ட சுவரொட்டியைக் கண்டால் போதும், கொள்முதல் பறந்துவிடும், மேலாளர் மட்டும் மிஞ்சுவார். சாம்பியன் ஆறடி மூன்று அங்குலம். அப்பா ஐந்தடி நான்கு.

"ஏங்க, இது உங்களுக்கு நீளமா இல்ல?" என்றாள் அம்மா ஒருநாள்.

"உலகச் சாம்பியன் இதே நீளம்தான் வச்சிருக்கான்."

"அவன் சட்டை உங்களுக்குச் சேருமா?"

"சட்டை வேற, மட்டை வேற! தெரியாத விஷயத்துல பேசாத."

இருபத்து மூன்று வருடமாக அம்மாவுக்குத் தெரியாத விஷயங்களின் பட்டியல் வளர்ந்துகொண்டே வருகிறது. அம்மா சொல்வாள், அப்பா கேட்கமாட்டார். எங்கள் வீட்டு நித்திய வழக்கம் இது.

நான் விடவில்லை. நாலு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். அனுபவ உரிமை, தொழில் செய்யும் உரிமை, முன்னறிவிப்பில்லா வெளியேற்றம் என்று தலைப்பெல்லாம் போட்டு சாப்பாட்டு மேசையில் உரக்க வாசித்தேன். அப்பாவின் காது சிவந்தது.

"என் உழைப்பைக் கேலி பண்றியா வக்கீலம்மா? இந்த மாசம் கிளப்ல குடும்பநாள் போட்டி. நூறுக்குள்ள ஆடிக் காட்டறேன். ஆடிட்டா அந்த அறை நிரந்தரமா என்னுது. யாரும் மூச்சு விடக் கூடாது. ஆடலைன்னா அன்னிக்கு மத்தியானமே நானே காலி பண்ணிடறேன். என் கையாலயே!"

"நீங்க கணக்கைக் குறைச்சுச் சொல்லிட்டா?"

அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "என்ன ஆட்டம்னு நினைச்ச? இதுல நடுவர் கிடையாது. தப்புப் பண்ணினவனே கையைத் தூக்கிச் சொல்லணும். யாரும் பார்க்கலைன்னாலும் சொல்லணும். எல்லாம் விதிப்படி!"

"விதிப்படியா?" என்றாள் அம்மா.

"அட்சரம் பிசகாம!"

"அப்போ சரி" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவளை நடைவழிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "உன் அறை உன் உரிமை. உரிமையைப் பந்தயத்துல வைப்பாங்களாம்மா? நான்தான் வாதாடி ஜெயிச்சிட்டிருந்தேனே!"

"ஜெயிச்சே. மெஷின் எங்க இருக்கு?"

ஃப்ரிஜ் பக்கத்தில் இருந்தது.

"வாதத்துல தோத்த ஆம்பளை எதிர்வாதம் தேடிட்டுப் போவாரே தவிர, ஒரு சாமானை நகர்த்த மாட்டார். பந்தயத்துல தோத்தாத்தான் நகர்த்துவார். போய்ப் படி."

எதிரியின் நாக்கிலேயே நீதியைத் தொங்கவிடுவது எந்த ஊர் நியாயம்? அன்று நான் படிக்கவேயில்லை.

அடுத்த வாரம் அப்பா ஒரு பட்டுத் துணியைக் கொண்டுவந்து மெஷின்மேல் போட்டார். கோட்டுகள் பாதியில் கிடக்கின்றன, இவருக்கு மட்டைத் தலைகளுக்கு உறை வேண்டுமாம். நான் பல்லைக் கடித்தேன். அம்மா டேப்பை எடுத்தாள்.

"எத்தனை?"

"பதினாலு."

"பதினஞ்சாத் தைச்சிடறேன். ஒண்ணு தொலைஞ்சா ஆகும்."

"வேண்டாம். பையில பதினாலு மட்டைக்கு மேல இருக்கக் கூடாது, விதி. எடுத்து ஆட வேண்டாம், பையில சும்மா இருந்தாலே அபராதம். மொத்தத்துல நாலு அடி வரைக்கும் ஏத்திடுவாங்க."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்படியா?" என்றாள்.

பிறகு, "நேரா நில்லுங்க. கையைத் தொங்கப் போடுங்க" என்று அவர் மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்தாள்.

"உறைக்கு எதுக்கு என்னை அளக்கறே?"

"பழக்கம்."

போட்டி நாள் வந்தது. இருபத்தேழு கோட்டு முடிந்திருந்தது, மூன்று பாக்கி. அப்பா வெள்ளைத் தொப்பியோடு வாசலில் பையைச் சரிபார்த்தார். பதினாலு பட்டுத் தலைகள் வரிசையாக, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பிள்ளைகள்போல நின்றன. அப்போது அம்மா காகிதம் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

உருட்டுமட்டை. பந்து குழிக்கு அருகே வந்த பிறகு மெல்ல உருட்டித் தள்ளுகிற குட்டை மட்டை.

"உங்க உசரத்துக்கு அளவு சொல்லிச் செய்யச் சொன்னேன். பிடிச்சுப் பாருங்க."

அப்பா பிடித்தார். முதன்முறையாக அவர் முழங்கையை மடக்க வேண்டியிருக்கவில்லை, தோளைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. நடைவழித் தரையில் ஒரு பந்தை வைத்துத் தள்ளினார். அது நூல்பிடித்ததுபோல் ஓடி மெஷின் காலில் முட்டியது. அப்பாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது. ஆத்திரத்தில்! சொந்த எதிரிக்கு ஆயுதம் செய்து கொடுப்பவளை என்னவென்று சொல்வது?

"பழைய உருட்டுமட்டையை இங்கயே வச்சிட்டுப் போங்க" என்றாள் அம்மா. தெளிவாக, கணீரென்று. நான் சாட்சி.

"அதெப்படி? அது என் ராசி மட்டை. ரெண்டும் இருக்கட்டும். எதுன்னு அங்க போய் முடிவு பண்ணிக்கறேன்."

"ஒண்ணு போதுங்க."

"உனக்குத் தெரியாது, விடு."

"உங்க இஷ்டம்" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் செருப்பு என் காலை அழுத்தியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாழ்க்கையில் முதன்முறையாக, திறந்த வாயை ஒன்றும் பேசாமல் மூடினேன்.

மைதானத்தில் குடும்பத்தாரும் கூடவே நடக்கலாம். அப்பாவுக்கு ஜோடி ஒரு பல் டாக்டர். ஒருவர் கணக்கை மற்றவர் எழுத வேண்டும். டாக்டர் பற்களை எண்ணுகிற மாதிரியே அடிகளையும் எண்ணுவார், ஒன்றும் விடாமல். அப்பா தோளில் பை. பையில் பதினாலு உறை போட்ட தலைகள். நடுவில் ஒன்று மட்டும் மொட்டைத் தலை.

பயங்கரம் என்னவென்றால், அப்பா நன்றாக ஆடினார்.

நீள மட்டைகள் வழக்கம்போலப் புதரையும் குளத்தையும் தேடிப் போயின. ஆனால் குழிப் பக்கம் வந்துவிட்டால் புது உருட்டுமட்டை. தள்ளினார், விழுந்தது. தள்ளினார், விழுந்தது. முன்பெல்லாம் மூன்று தட்டுத் தட்டின இடத்தில் இப்போது ஒன்று. பாதி ஆட்டத்தில் நாற்பத்தொன்பது.  நாலு அடி அபராதம் போதாமல் போனால்? தொண்ணூற்றைந்தில் முடித்துவிட்டால் நாலைக் கூட்டினாலும் அறை போச்சு. அம்மாவே அளவெடுத்துக் கொடுத்த மட்டையால் போச்சு!

"அம்மா, ரொம்ப நல்லா ஆடறார்மா."

"நல்ல மட்டை."

"உனக்குப் பயமா இல்லையா?"

 அம்மாவின் கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு உரசிக்கொண்டே இருந்தது, இல்லாத நூலை முறுக்குகிற மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

பதினேழு குழி முடிந்தபோது தொண்ணூற்று மூன்று. கடைசிக் குழியில் ஆறு அடிக்குள் போட்டால் நூறுக்குள்.

முதல் அடி மரத்தடிக்குப் போனது. இரண்டாவதில் வெளியே வந்தார். மூன்றாவது மணல்பள்ளம். நான்காவதில் மணலும் பந்தும் சேர்ந்து எழும்பி, பந்து மட்டும் குழியைச் சுற்றியுள்ள பச்சைத் தரையில் விழுந்தது. ஐந்தாவது, பத்தடி தூரத்திலிருந்து உருட்டினார். குழி விளிம்பைத் தொட்டுவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. டாக்டர் மூச்சை இழுத்தார். அப்பா மட்டையைத் துடைத்தார், கையைத் துடைத்தார், மட்டையைத் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்தார். பந்தைப் பார்த்தார். தள்ளினார்.

'டொக்.'

"தொண்ணூத்தொன்பது!" அப்பாவின் தொப்பி பறந்தது. டாக்டரைக் கட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து, "என்ன வக்கீலம்மா, மேல்முறையீடு உண்டா?" என்றார். டாக்டர் கையெழுத்துக்கு அட்டையை நீட்டினார். அப்பா பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷங்க" என்றாள் அம்மா. "நான் பதினாலு உறைதானே தைச்சேன். எல்லாம் பையில இருக்கு. கையில இருக்கிற இந்த மட்டைக்கு மட்டும் ஏன் உறை இல்ல?"

அப்பா சிரித்துக்கொண்டே பையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. உதடுகள் அசைந்தன. பட்டுத் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். கையிலிருந்ததைப் பார்த்தார்.

டாக்டர் அட்டையில் கூட்டல் சரிபார்த்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. சுற்றிலும் யாரும் கவனிக்கவில்லை. அம்மா புடவைத் தலைப்பில் இல்லாத தூசியைத் தட்டினாள். கேள்வி கேட்டாள், அவ்வளவுதான்.  'ஒரு உறை குறைச்சலா தைச்சுட்டே' என்று அப்பா சொல்லியிருந்தால் அன்று அந்த மைதானத்தில் மறுக்க ஆளில்லை. என் ஒருத்தியைத் தவிர. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானேன்.

அப்பா பேனாவை மூடினார். வலது கையை மெதுவாகத் தூக்கினார்.

"டாக்டர்... பையில பதினஞ்சு இருந்துது. ஆரம்பத்துலேர்ந்தே. நாலு சேர்த்துக்குங்க."

"அடடா! அப்போ நூத்து மூணு."

எனக்கு அப்பாமேல் கொஞ்சம் மரியாதை வந்தது. கொஞ்சம்தான். சொல்லவே எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உண்மை.

கார் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வாசலில் இறங்கும்போதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"வேணும்னே பண்ணினியா?"

"நானா? பழசை வச்சிட்டுப் போங்கன்னு ரெண்டு தடவை சொன்னேனே. இவ சாட்சி."

"நான் கேக்கமாட்டேன்னு தெரிஞ்சுதானே சொன்னே!"

"கேட்டிருந்தா அறை உங்களுது" என்றாள் அம்மா. "தொண்ணூத்தொன்பதுங்க. ரொம்ப நல்லா ஆடினீங்க."

அதற்கு என்ன மறுமொழி உண்டு? மூன்று வருடம் சட்டம் படித்த எனக்கே தெரியவில்லை. பாவம், கொள்முதல் மேலாளர் என்ன செய்வார்?

மத்தியானமே, சொன்னபடி, தன் கையாலேயே வலையை அவிழ்த்தார். மெஷினை உள்ளே தள்ளினார். அம்மா சுவரில் நூல்கண்டுகளை மாட்டினாள், கறுப்பை ஓர் ஓரம், கருநீலத்தை இன்னோர் ஓரம். ஜன்னலைத் திறந்தாள். இருபத்தெட்டாவது கோட்டை எடுத்து மெஷினில் வைத்தாள். மெஷின் ஓட ஆரம்பித்தது.

அப்பா தோளில் சுருட்டிய வலை, ஒரு கையில் பை, அக்குளில் பச்சைப் பாய், விரலிடுக்கில் பதினைந்தாவது மட்டை. வாசற்படியைத் தாண்டவும் முடியாமல் உள்ளே வரவும் முடியாமல் நடைவழியில் திரும்பினார். நான் தண்ணீர் எடுக்கத் திறந்த ஃப்ரிஜ் கதவு அவர் முழங்கையில் இடித்தது.

"ஏம்மா, இதையெல்லாம் நான் எங்க வைக்கறது?"

மெஷின் நின்றது. அம்மா தலையை நிமிர்த்தாமல், ஊசிமுனையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எங்கயாவது வைங்க."